நாம் மறைத்த கூத்து

நாடகத்தையும் பண்பாட்டையும் பற்றிய பயிற்சி வகுப்பொன்றிற் சேர்ந்து ஓராண்டு கற்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எமக்குக் கிட்டியது. பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், தலை நரைக்கத் தொடங்கிய பின்னர் மீண்டும் வாங்கிலே அமர்ந்து கொப்பி விரித்தோம். சனிக்கிழமைதோறும் காலையிலே தொடங்கும் வகுப்பு மாலை வரை நீளும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறும்; தேநீர் வேளையிலோ தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும்.

அங்கே நாம் கற்றவற்றுட் பெரும்பாலானவை நூல்களில் உள்ளனவே. விருப்பமுள்ள எவரும் அவற்றைப் படித்தறியலாம். ஆனால் முதல் நாள், முதல் மணித்தியாலத்திலே நாம் கற்ற பாடம் எந்த நூலிலும் இல்லை. அஃது எம்மைப் பற்றிய பாடம். ஆதலின் சற்று நாணத்தோடுதான் அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

முதல் நாட் கேள்வி

வகுப்பிலே ஏறத்தாழ இருபது பேர் இருந்தோம். ஆசிரியர்களும், எழுதுவினைஞர்களும், பல்கலைக்கழகப் படிப்பை அண்மையில் முடித்த இளைஞர்களும் எம்முள் இருந்தனர். விரிவுரையாளர் வந்தார். கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. “நீங்கள் உங்கள் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்த நாடகம் எது? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்றார்.

ஒருவர் நத்தார்க் காலத்திலே தேவாலய முன்றிலில் நடந்த பாலன் பிறப்பு நாடகத்தைச் சொன்னார். எமக்கு அருகிலே இருந்த சிங்கள நண்பர், தந்தையாரின் தோளிலிருந்து பார்த்த “மனமே” நாடகத்தைச் சொன்னார். எம் முறை வந்தது. “கல்லூரி நாளிலே பார்த்த வெனிஸ் வணிகன்” என்றோம்.

அது பொய்.

நாம் முதன்முதலாகப் பார்த்த நாடகம், மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள எமது ஊரில், வேளாண்மை வெட்டி ஓய்ந்த காலத்திலே விடிய விடிய ஆடப்பெற்ற வடமோடிக் கூத்து. மண்ணை வட்டமாக உயர்த்திக் களரி அமைத்திருப்பார்கள். அதனைச் சுற்றி நாற்புறமும் ஊரவர் பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள். கட்டியக்காரன் வரவின்போது விழித்திருக்கும் நாம், நடுச்சாமம் ஆகுமுன்னரே அம்மாவின் மடியில் உறங்கிவிடுவோம். “எழும்பு மனே, சண்டை தொடங்கப் போகுது” என்று அவர் எம்மை உலுப்பி எழுப்புவார். கண்ணைத் திறந்தால், விளக்கொளியிலே கண்ணாடித் துண்டுகள் பதித்த முடிகள் மின்ன, அரசர்கள் கரப்புடுப்புச் சுழல வட்டமாக வந்துகொண்டிருப்பார்கள். மத்தளத்தின் ஒலி பாயினூடாக ஏறி எமது நெஞ்சிலே அதிரும்.

அந்த மத்தளத்தை அடித்தவர் எம் தாயாரின் தமையனார். எமக்கு மாமா, ஊருக்கு அண்ணாவியார்.

இத்தகைய ஒருவரை ஏன் மறைத்தோம்? காரணத்தைச் சொல்லுவதற்கு நாற்பது ஆண்டுகள் பின்னே செல்லவேண்டும். பட்டினத்துக் கல்லூரி விடுதியிலே நாம் படித்துக்கொண்டிருந்தபோது, எம்மோடு இருந்த மாணவனொருவன் மற்றொருவனை ஏசுவதற்குக் “கூத்தாடி” என்ற சொல்லை எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அதன் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோளிலே சால்வையும் கையிலே தயிர்ச் சட்டியுமாக மாமா எம்மைப் பார்க்க வந்தார். “யார் இவர்?” என்று நண்பர்கள் கேட்டார்கள். “ஊரிலே எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்” என்றோம். மாமா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார். கேட்டிருப்பார். எமது தலையைத் தடவிவிட்டு, “தயிரைப் புளிக்க விடாதே மனே” என்று கூறிப் போய்விட்டார்.

வகுப்பிலே “வெனிஸ் வணிகன்” என்று சொன்னபோது, அந்தச் சிறுவனே எம்முள்ளிருந்து மீண்டும் ஒருமுறை பேசினான்.

பகைவனின் அழுகை

பாடங்கள் கிரேக்க நாட்டிலிருந்து தொடங்கின. “தியேட்டர்” என்னும் சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் “பார்க்குமிடம்” என்பதே பொருள் என்றும், “ஒர்க்கெஸ்ட்ரா” என்பது வாத்தியக் குழுவின் பெயராவதற்கு முன்னர் “ஆடுமிடம்” என்றே பொருள்பட்டது என்றும் அறிந்தோம். ஆடுமிடம் ஒன்று, அதனைச் சூழப் பார்க்குமிடம் ஒன்று. ஏதென்ஸ் மக்கள் மலைச்சரிவிலே அமர்ந்து, பகல் வெளிச்சத்தில், தம் தெய்வத்தின் திருவிழாவில் நாடகம் பார்த்தார்கள். ஆடுவோரோடு பாடுவோர் கூட்டமொன்றும் களத்தில் நின்று, நடப்பதைக் கேட்டு வருந்தியும் வினாவியும் பாடிற்று. இவற்றைக் குறித்துக்கொண்டிருந்தபோது எமது பேனை சற்றே நின்றது. இவை எமக்குப் புதியனவாகத் தோன்றவில்லை. எனினும் ஒன்றும் சொல்லாதிருந்தோம்.

அடுத்து நாம் படித்தது ஈஸ்கிலஸ் என்பாரின் “பாரசீகர்” என்னும் நாடகம். இன்று முழுமையாகக் கிடைக்கும் கிரேக்க நாடகங்களுள் இதுவே மிகப் பழையது என்பர். கி.மு. 480ஆம் ஆண்டிலே பாரசீகப் பேரரசின் படை ஏதென்ஸ் நகரைத் தீக்கிரையாக்கிற்று. அதே ஆண்டிற் சலாமிஸ் கடற்போரிலே கிரேக்கர் அப்படையை முறியடித்தனர். எட்டு ஆண்டுகளின் பின், கி.மு. 472இல், இந்நாடகம் ஏதென்ஸ் நகரிலே ஆடப்பெற்றது. ஈஸ்கிலஸ் பாரசீகரோடு நேரே பொருதவர். மரதன் போரிலே தம் உடன்பிறந்தானைப் பறிகொடுத்தவர். அத்தகையவர் எழுதிய நாடகத்திலே வெற்றி முழக்கம் கேட்குமென்று எதிர்பார்ப்போம். ஆனால் கதை நிகழுமிடம் பாரசீகரின் அரண்மனை. மேடையில் நிற்போர் அனைவரும் பகைவர்கள். மகனை எண்ணி ஏங்கும் தாய், இறந்தவர் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும் தூதன், கிழிந்த ஆடையோடு திரும்பும் மன்னன், அவனோடு சேர்ந்து அழும் முதியோர் முதலியோரே நாடகமாந்தர். நகரம் எரிந்ததைக் கண்ணாற் கண்ட ஏதென்ஸ் மக்கள், எரித்தவர்களின் அழுகையை அமர்ந்திருந்து கேட்டனர். அந்நாடகத்துக்கு முதற்பரிசும் வழங்கினர்.

விரிவுரையாளர் நூலை மூடிவைத்துவிட்டு, “இதனை நம் நாட்டிலே செய்வோமா?” என்று கேட்டார். வகுப்பில் இரு மொழியினரும் இருந்தோம். எவரும் வாய் திறக்கவில்லை. நீண்ட நேரம் மின்விசிறியின் ஓசை மாத்திரமே கேட்டது. அரங்கு ஒரு சமூகத்திடம் எத்துணைப் பெரிய காரியத்தைக் கேட்கவல்லது என்பதை அந்த மௌனத்திலே உணர்ந்தோம்.

நான்கு தூண்கள்

அதன் பின்னர் யப்பானிய “நோ” நாடகம் வந்தது. அதன் மேடை மழமழப்பான மரப்பலகையாலான சிறு சதுரம். நான்கு மூலையிலும் நான்கு தூண்கள். பின்சுவரிலே பைன் மரமொன்றின் ஓவியம். நடிகன் வருவதற்குப் பக்கத்திலே ஒரு நீண்ட பாலம். வேறு காட்சித் திரை எதுவுமில்லை. முகமூடியின் சிறு துளைகளினூடாக நடிகனுக்கு அதிகம் தெரியாது. ஆதலின் தூண்களைக் கொண்டே அவன் தான் நிற்குமிடத்தை அறிந்துகொள்வான் என்று விரிவுரையாளர் விளக்கினார். அழகுக்காக நின்றன என்று நாம் எண்ணிய தூண்கள், கண் தெரியாதவனுக்கு வழிகாட்டிகளாய் இருந்தன.

இக்கலையைச் செம்மை செய்தவர் 1363ஆம் ஆண்டளவிற் பிறந்த ஸெயாமி. தம் தந்தையாரிடமிருந்து கற்றவற்றை வழிவழி வருவோருக்காக அவர் நூல்களாக எழுதிவைத்தார். அந்நூல்கள் ஐந்நூறு ஆண்டுக் காலம் நாடகக் குடும்பங்களுக்குள்ளும் ஒருசிலரிடத்தும் மறைபொருளாகவே இருந்தன. 1909ஆம் ஆண்டிலேதான் அவை அச்சேறி உலகறிய வந்தன. அதுவரை அக்கலை எங்கே வாழ்ந்தது? ஏட்டிலே மாத்திரமன்று, தந்தையின் காலடியைப் பார்த்து அடிவைத்த மகனின் உடம்பிலே வாழ்ந்தது. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நோ நாடகத்தை மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாகப் பிரகடனஞ் செய்தது. அதே ஆண்டில் கேரளத்துக் கூடியாட்டத்துக்கும் அப்பெருமை கிடைத்தது.

இப்பாடத்தைக் கேட்டு வீடு திரும்பிய இரவிலே எமக்கு உறக்கம் வரவில்லை. யப்பானியத் தந்தையும் மகனும் எமக்கு மாமாவை நினைவூட்டினர். அவருக்கு அப்போது எண்பது வயதாகியிருந்தது. அவருடைய ஆண்மக்கள் இருவருள் ஒருவர் மத்திய கிழக்கிலும் மற்றவர் கனடாவிலும் இருந்தனர்.

விரல்கள் சொன்ன உண்மை

எம் பொய் வெளிப்பட்ட நாள் விரைவிலே வந்தது. அன்று பாடம் சிங்கள நாடகம் பற்றியது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955ஆம் ஆண்டில் யப்பான் சென்று நோ, கபுக்கி ஆகிய நாடகங்களைக் கண்டார். தம் நாட்டுக்குத் திரும்பியதும், கிராமப்புறங்களிலே மங்கிக்கிடந்த “நாடகம” என்னும் ஆட்டமுறையை எடுத்து, அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையோடு “மனமே” நாடகத்தை ஆக்கினார். அது 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி கொழும்பு லயனல் வெண்ட் அரங்கிலே மேடையேறிற்று. சிங்கள நாடக வரலாறு அந்நாளிலே திசைமாறிற்று என்று கூறுவர்.

அந்த “நாடகம” என்பது எங்கிருந்து வந்தது? பெயரே விடை கூறுகின்றது. அது தமிழ்க் கூத்தின் வழிவந்த ஆட்டம். நம் கூத்திலே ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏட்டண்ணாவியார் நிற்பது போல, அங்கே “பொத்தேகுரு” நிற்பார். பொத்த என்றால் புத்தகம். இங்கும் மத்தளம்; அங்கும் மத்தளம். 1956 என்றதும் நம்முள் எவருக்கும் நினைவுக்கு வருவது வேறொன்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேதான் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறிற்று. ஒரே ஆண்டில், சட்டமன்றம் இரு மொழிகளையும் பிரித்துவைத்தது. சில திங்களின் பின் அரங்கமோ அவ்விரு மக்களின் பழைய உறவை ஆடிக்காட்டிற்று.

விரிவுரையாளர் நாடகம மத்தள இசையை ஒலிக்கச் செய்தார். சிறிது நேரத்தின் பின் சிங்கள நண்பர் எம் கையைத் தொட்டார். மேசையின்மேல் எம் விரல்கள் தாமாகவே அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. “இதனை எங்கே கற்றீர்கள்?” என்று அவர் வியப்போடு கேட்டார். விரிவுரையாளரும் திரும்பிப் பார்த்தார்.

அப்பொழுதுதான் உண்மையைச் சொன்னோம். பாயையும், களரியையும், மாமாவையும் சொன்னோம். தயிர்ச் சட்டியைப் பற்றி மாத்திரம் சொல்லவில்லை. விரிவுரையாளர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “சரச்சந்திர யப்பான் போய்த்தான் தம் ஊர் ஆட்டத்தைக் கண்டார். நீங்கள் இந்த வகுப்புக்கு வந்து கண்டீர்கள். ஆண்டிறுதிக் கட்டுரைக்கு உங்களுக்கு வேறு தலைப்பு வேண்டியதில்லை, ஊருக்குப் போங்கள்” என்றார்.

எண்ணாதே, கேள்

ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் கொப்பிகள் நான்கும் கொண்டு மாமாவின் வீட்டு முற்றத்தில் இறங்கினோம். வந்த காரியத்தைக் கூறினோம். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எம்மை மேலும் கீழுமாகப் பார்த்தார். “எழுதுறதெண்டா எழுது மனே. ஆனா முதல்ல எழும்பி நில்லு” என்றார்.

ஐம்பதை அண்டிய வயதிலே, முற்றத்து மணலில், வெறுங்காலோடு அடிவைக்கத் தொடங்கினோம். அவர் மத்தளத்தை மடியிலே வைத்துக்கொண்டு தாளக்கட்டைச் சொன்னார். எமக்குத் தாளம் தெரியும் என்று எண்ணியிருந்தோம். காலோ ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்தியே விழுந்தது. மூன்றாம் நாள் அவர் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீ எண்ணி எண்ணி ஆடுறாய். எண்ணாதே, கேள்.”

வகுப்பிலே நாம் எழுதிய குறிப்புகள் அனைத்தும் எண்ணிக்கைகளே என்பது அப்போது விளங்கிற்று.

மாலை வேளைகளில் அவர் சொல்ல நாம் எழுதினோம். ஒரு கூத்தை ஊர் எவ்வாறு ஆக்கும் என்பதை வரிசையாகச் சொன்னார். முதலிலே ஊர்ப் பெரியோர் கூடி, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பேசித் தீர்ப்பர். குரலையும் உடல்வாகையும் பார்த்து அவரவர்க்குரிய பகுதியைக் கொடுப்பது சட்டங்கொடுத்தல். ஆட்டம் ஓரளவு பழகிய பின் காலிலே சலங்கை கட்டும் நாள் வரும். அஃது ஒரு சிறு விழா. பின்னர் வாரந்தோறும் கிழமைக்கூத்து. அதன் பின் அடுக்குப் பார்த்தல். முழுக்கூத்தையும் ஒருமுறை ஆடி அண்ணாவியாருக்குக் காட்டுவர். இறுதியிலே அரங்கேற்றம். அரங்கேறிய பின்னும் வீட்டுக்கு வீடு சென்று ஆடி அன்பளிப்புப் பெறுவர். இவ்வாறு பல மாதங்கள் செல்லும். பகலெல்லாம் வயலிலும் தோணியிலும் பாடுபட்டவர்கள் இரவிலே கர்ணனாகவும் வீமனாகவும் நிற்பர். “கூத்துப் பழகிற நாளையில ஊரில வழக்குக் குறையும்” என்று மாமா சிரித்தார். “அருச்சுனனும் கர்ணனும் வேலித் தகராறுக்காரர். ஆனா ராவைக்கு ரெண்டு பேரும் ஒரே தாளத்துக்குத்தானே ஆடவேணும்!”

இதனைக் கேட்டபோது பண்பாடு என்னும் சொல்லுக்கு எமக்குப் பொருள் விளங்கிற்று. அதனை நூதனசாலையில் வைக்கும் பொருள் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அஃது ஒரு பொருளன்று. பலர் கூடி, விடாது செய்துவரும் ஒரு பழக்கம். செய்வதை நிறுத்திய நாளில் அது பழம்பொருளாகிவிடுகின்றது.

புறப்படுவதற்கு முந்திய இரவிலே, நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் இருந்ததைச் சொல்ல முயன்றோம். “மாமா, விடுதிக்கு நீங்கள் வந்த அன்றைக்கு...” என்று தொடங்கினோம். அவர் கையை உயர்த்தி எம்மை நிறுத்தினார். “களரியில நிக்கக்குள்ள ஆருக்கும் மறதி வரும், மனே. அதுக்குத்தான் பின்னால பிற்பாட்டுக்காரர் நிக்கிறாங்க. அடியெடுத்துக் குடுப்பாங்க, இவன் திரும்பப் பிடிச்சுக்கொள்ளுவான்” என்றார். பின்னர் வெற்றிலைத் தட்டத்தை எம் பக்கமாக நகர்த்தினார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

ஓரிரவும் ஒன்றரை மணியும்

கூத்தைப் போற்றுவது வேறு, அதனைக் கண்மூடிப் புகழ்வது வேறு என்பதும் வகுப்பிலே நாம் கற்றதொன்று. பழைய களரி எல்லோருக்கும் ஒத்த அளவிலே திறந்திருக்கவில்லை. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். பெண்கள் பாயிலிருந்து பார்த்தனர். யார் ஆடலாம், யார் எட்ட நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்களும் உண்டு. 1960களின் இறுதியிலே “கந்தன் கருணை”, “சங்காரம்” போன்ற நாடகங்கள் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டே சமூகக் கொடுமைகளை எதிர்த்து எழுந்தன. மட்டக்களப்புச் சீலாமுனையிலே, ஊரவரோடு கலந்து பேசிக் கூத்துக்களின் கருத்தை மீளாய்ந்து ஆடும் முயற்சிகளும் பின்னர் நடைபெற்றுள்ளன. பழையதை அன்போடு திருத்துவோரும் அதன் காவலரே.

கூத்தைப் படித்தோர் மத்தியிலே தலைநிமிர வைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962இல் “கர்ணன் போர்”, 1963இல் “நொண்டி நாடகம்”, 1964இல் “இராவணேசன்” ஆகியவற்றை அவர் மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். இராவணேசனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பிற்காலத்திலே பேராசிரியராகி இக்கலையைப் பல தலைமுறைக்குக் கற்பித்தார். ஏட்டிலே கையெழுத்துக்கூடச் சரியாக வைக்கத் தெரியாதவரென்று சிலர் எண்ணிய அண்ணாவிமார், பட்டதாரிகளுக்கு ஆசான்களாயினர்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. விடிய விடிய ஆடிய கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி, ஒருபுறம் மாத்திரம் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. இது சரியா, பிழையா என்று எம் வகுப்பிலே பெரும் வாதம் நடந்தது. சுருக்காவிடின் நகரத்தார் பார்த்திருக்கமாட்டார்கள், கலை ஊரோடு மடிந்திருக்கும் என்றனர் ஒரு சாரார். சுருக்கியதனால் கூத்துக் காட்சியாயிற்று, கூடல் போயிற்று என்றனர் மற்றொரு சாரார்.

இதனை மாமாவிடமும் கேட்டிருந்தோம். ஊர் அண்ணாவியாராதலின் சுருக்கத்தைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் அவ்வாறு செய்யவில்லை. போர்க்காலத்திலே இருட்டிய பின் முற்றத்துக்கு இறங்கவே அஞ்சிய இரவுகளைக் கண்டவர் அவர். களரி கட்டாத ஆண்டுகளை எண்ணிப் பார்த்தவர். “ஒண்டரை மணித்தியாலமாவது ஆடட்டும் மனே. ஆடாமல் விடுறதிலும் அது நல்லம்” என்றார். சிறிது பொறுத்து, “ஆனா சின்னப் பிள்ளையள் எங்க நித்திரை கொள்ளும்?” என்று கேட்டார்.

முதலிலே அக்கேள்வி எமக்கு விளங்கவில்லை. கொழும்புக்குத் திரும்பும் புகையிரதத்திலே, மன்னம்பிட்டியைத் தாண்டும் வேளையில் விளங்கிற்று. மடியிலே உறங்கி, சண்டைக்கு எழுந்து, மீண்டும் உறங்கிய பிள்ளைதான் அத்தாளத்தை அறியாமலே உடம்பில் ஏற்றிக்கொண்டது. அப்படி ஏறியதே பல ஆண்டுகளின் பின்னர் வகுப்பறை மேசையில் எம் விரல்களாற் பேசிற்று. நுழைவுச்சீட்டு வாங்கி, நாற்காலியில் நிமிர்ந்திருந்து, ஒன்றரை மணியிலே எழுந்து செல்லும் பிள்ளை கூத்தைப் பார்க்கும், கூத்துக்குள்ளே வளராது. இதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. விரிவுரையாளரிடமும் இருக்கவில்லை.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள்

எமது கட்டுரை நல்ல புள்ளி பெற்றது. ஆனால் அதிலே மாமாவின் பாட்டு இருக்கின்றது, குரல் இல்லை. தாளக்கட்டு இருக்கின்றது, கால் இல்லை. ஒலிப்பதிவிலே மத்தளம் கேட்கின்றது. “எண்ணாதே” என்று நிறுத்துவதற்கு ஆள் இல்லை. அடுத்த ஆண்டு மாரிகாலத்திலே மாமா காலமானார். அவருடைய ஏடுகள் எம் வீட்டில் இருக்கின்றன. மத்தளம் ஊரிலே ஓர் இளைஞரிடம் இருக்கின்றது; அவர் மாமாவிடம் இரண்டு கூத்துக்களுக்கு மாத்திரம் அடிக்கக் கற்றவர். மாமா அறிந்திருந்தவையோ பதினொன்று.

கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். கிரேக்கரையும் யப்பானியரையும் ஷேக்ஸ்பியரையும் படியுங்கள். அவர்கள் அனைவரும் நமக்கு உறவினரே. சுவாமி விபுலாநந்தர் 1926இல் “மதங்க சூளாமணி” என்னும் நூலை வெளியிட்டபோது, ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் பழந்தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒரே நூலில் வைத்தே ஆராய்ந்தார். பிறருடையதைக் கற்றமையாலேதான் நாமும் நம்முடையதைக் கண்டோம். ஆனால் நீங்கள் எம்மைப்போல் நாற்பது ஆண்டுகள் சுற்றி வரவேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் குடும்பத்திலே கூத்தாடியவர், ஏடு பிடித்தவர், உடுப்புக் கட்டியவர், கரகம் எடுத்தவர், வில்லடித்தவர் எவரேனும் இருத்தல் கூடும். அவர் திண்ணையிலே பேசாதிருப்பார்; யாரும் கேட்பதில்லை என்பதனாற் பேசாதிருப்பார். அடுத்த விடுமுறையிலே பிள்ளைகளை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொப்பியைப் பின்னர் விரிக்கலாம். முதலிலே பிள்ளைகள் எழுந்து நிற்கட்டும்.

இப்பொழுது எம் வகுப்பிலே நாடகப் பாடம் தொடங்கும் நாளில், அந்தப் பழைய கேள்வியையே மாணவரிடம் கேட்கின்றோம். அவர்கள் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் சொல்லுவார்கள். பின்னர், “நீங்கள் பார்த்த முதல் நாடகம் எது, சேர்?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

“எங்கள் மாமா அடித்த மத்தளத்துக்கு எங்கள் ஊரார் ஆடிய கூத்து” என்று சொல்லுகின்றோம்.